முடிவு தெரிந்த சண்டை

“அதெல்லாம் செட்டப்பு சார்.” தொழில்முறை மல்யுத்தத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அடுத்த நொடியில் வந்து விழும் வாசகம் இது. சொல்பவர் முகத்தில் பெரிய ரகசியம் ஒன்றைப் போட்டு உடைத்த நிறைவு தெரியும். பழைய சாம்பியன்ஷிப் நிகழ்ச்சி ஒன்றை வீட்டில் கேசட்டிலோ டிவிடியிலோ போட்டுப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டால் கேலி இரட்டிப்பாகும். யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்ட சண்டை. அது நடந்து முடிந்தும் பல வருடங்கள் ஆகிவிட்டன. முடிவு ஊருக்கே தெரியும். இதில் உட்கார்ந்து பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வியை எதிரிகள் மட்டும் கேட்பதில்லை. மல்யுத்தத்தை விரும்பிப் பார்ப்பவர்களிலும் பாதிப் பேர் இதை ஏற்றுக்கொண்டுதான் பேசுகிறார்கள். “பொய்தான், ஒத்துக்கறேன். ஆனா ஜாலியா இருக்கும்ல” என்று தலையைச் சொறிவார்கள். அந்தச் சமாதானமும் எனக்கு வேண்டாம். குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டுவிட்டுத் தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சுவதற்கு இங்கே குற்றமே நடக்கவில்லை. முடிவு முன்பே தீர்மானமாகியிருப்பதுதான் இந்தக் கலையின் அஸ்திவாரம். அது தெரிந்தபின், ஆரவாரமெல்லாம் அடங்கியபின், கையில் ரிமோட்டோடு வீட்டில் உட்கார்ந்து பார்க்கும்போதுதான் இதைச் சரியாகப் பார்க்க முடிகிறது. இந்தக் கட்டுரையில் நான் நிறுவ முயல்வது இதைத்தான்.

முதலில் அந்த ரகசியம். அது உடைந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. உடைத்தவர்களும் அதன் முதலாளிகளே. 1989-ல் நியூ ஜெர்சி மாநில செனட்டின் முன்னால் டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனம் தான் நடத்துவது விளையாட்டுப் போட்டி இல்லை, பொழுதுபோக்கு நிகழ்ச்சி என்று சொல்லிவிட்டது. காரணம் நேர்மை இல்லை, பணம். விளையாட்டு என்றால் மாநில விளையாட்டு ஆணையத்தின் மேற்பார்வை உண்டு, வரி உண்டு, உரிமக் கட்டுப்பாடுகள் உண்டு. பொழுதுபோக்கு என்றால் அவை போய்விடும். அதற்கு முந்தைய தலைமுறைகள் தொழில் ரகசியமாகக் கட்டிக்காத்ததை ஒரு நிறுவனம் தன் கணக்குப் புத்தகத்துக்காகப் பொதுவில் வைத்தது. ஆகவே இன்றைக்கு ஒருவர் செட்டப் என்று அறிவிக்கும்போது அவர் எதையும் அம்பலப்படுத்தவில்லை. முதலாளி எப்போதோ கொடுத்த அறிக்கையைத் திரும்ப வாசிக்கிறார்.

இனி ஒரு நாடாவை எடுத்துக்கொள்வோம். 1987 மார்ச் 29. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பான்டியாக் சில்வர்டோம் அரங்கில் நடந்த ரெஸில்மேனியா மூன்று. அந்த நாட்களில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிகழ்ச்சிகளை வீட்டு வீடியோவாக வெளியிட்டு வந்தது கொலிசியம் வீடியோ என்ற நிறுவனம். பெரிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வந்த அந்த வி.எச்.எஸ். கேசட்டுகள் வாடகைக் கடைகள் வழியாகத்தான் பெரும்பாலான வீடுகளுக்குள் நுழைந்தன. அரங்கில் இருந்தவர்களையும், அன்று சினிமா அரங்குத் திரைகளிலும் கட்டணத் தொலைக்காட்சியிலும் பார்த்தவர்களையும்விட, பின்னால் வீட்டில் பார்த்தவர்களுக்கே அந்த நிகழ்ச்சி நெருக்கமாக நிலைத்தது என்று நான் நினைக்கிறேன். அந்த அரங்கில் உயரத்து இருக்கைகளிலிருந்து பார்த்தால் வீரர்கள் விரல்நுனி அளவுதான் தெரிந்திருப்பார்கள். நுழைவாயிலிலிருந்து ரிங்குக்கு நடந்துவர நேரமாகும் என்று வீரர்களைச் சின்ன மோட்டார் வண்டிகளில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள், அவ்வளவு பெரிய இடம்.

பொய் தேடுகிறவர்களுக்கு அந்த நாடாவில் பொய் நிறையவே கிடைக்கும். எங்கே கிடைக்கிறது என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். அரங்கில் 93,173 பேர் கூடியிருப்பதாக அறிவிக்கப்பட்டது. உண்மையான எண்ணிக்கை சுமார் 78,000-தான் என்று மல்யுத்தச் செய்தியாளர் டேவ் மெல்ட்சர் நீண்டகாலமாக வாதிட்டு வருகிறார். அன்று கடைசிப் போட்டியில் ஹல்க் ஹோகனோடு மோதிய ஆண்ட்ரே தி ஜயன்ட் பதினைந்து ஆண்டுகளாகத் தோற்றதே இல்லை என்றார்கள். அவர் தோற்றிருக்கிறார். அவரைத் தூக்கி அடித்தவர் யாருமே கிடையாது என்றார்கள். 1980-ல் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் இதே ஹல்க் ஹோகனே அவரைத் தூக்கிப் போட்டிருக்கிறார். இத்தனை பொய்யும் மைக்கைப் பிடித்தவர்கள் சொன்னது, விளம்பரம் எழுதியவர்கள் சொன்னது. கயிற்றுக்கு உள்ளே நடந்தது வேறு விஷயம். செட்டப் என்று முகம் சுளிப்பவர்கள் இந்த இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறார்கள்.

கயிற்றுக்கு உள்ளே நடந்ததைப் பார்ப்போம். அன்று இன்டர்கான்டினென்டல் சாம்பியன்ஷிப்புக்காக ராண்டி சாவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் மோதினார்கள். பட்டம் சாவேஜிடம் இருந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால், கதைப்படி, சாவேஜ் ரிங் மணியை எடுத்துக்கொண்டு மூலைக் கயிற்றின் மேலிருந்து குதித்து ஸ்டீம்போட்டின் தொண்டையில் இறக்கியிருந்தார். குரல்வளை நசுங்கியது என்பது கதை. ஆகவே அந்தப் போட்டி ஒரு பட்டத்துக்கான போட்டியாகவும் ஒரு தொண்டைக்கான கணக்குத் தீர்ப்பாகவும் தொடங்குகிறது.

அந்தக் காலத்து வழக்கம் என்னவென்றால், முடிவை மட்டும் முன்கூட்டிப் பேசிக்கொள்வார்கள். மற்றதையெல்லாம் ரிங்கில் பிடியில் இருக்கும்போதே காதோடு காதாகச் சொல்லிச் செய்வார்கள். சாவேஜ் அப்படிப்பட்டவர் இல்லை. முதல் அடியிலிருந்து கடைசி அடி வரைக்கும் தாளில் எழுதி வரிசைப்படுத்தி, அதை மனப்பாடம் செய்யவைத்து, ஒருவரையொருவர் கேள்வி கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளும் அளவுக்குப் போனார் என்று ஸ்டீம்போட் பல பேட்டிகளில் விவரித்திருக்கிறார். இதைக் கேட்டதும், “பாருங்கள், எழுதியே வைத்திருக்கிறார்கள்” என்று சிலர் வெற்றிக்களிப்போடு சொல்லக்கூடும். சொல்லட்டும். அப்படி எழுதி வைத்ததால் என்ன விளைந்தது என்பதை அந்தப் பதினான்கரை நிமிடங்களில் பார்க்கலாம்.

ஒருவர் தோளைத் தரையில் அழுத்த, நடுவர் ஒன்று, இரண்டு என்று எண்ண, மூன்றுக்குள் மற்றவர் உதறிக்கொண்டு எழுகிறார். இது அந்தப் போட்டியில் திரும்பத் திரும்ப, சில இடங்களில் மூச்சு விட இடமில்லாமல் அடுத்தடுத்து நடக்கிறது. ஒவ்வொரு முறையும் பிடி வேறு, விழும் கோணம் வேறு, யார் யாரை முந்தினார் என்பதும் வேறு. முதல்முறை பார்க்கிறவர் கண் நடுவரின் கையிலேயே இருக்கும். மூன்றாவது எண்ணிக்கை விழுமா விழாதா என்ற பதற்றம் ஒன்றுதான் அவருக்குக் கிடைக்கும். முடிவு தெரிந்தவர் கண்ணுக்கு அந்தப் பதற்றத்திலிருந்து விடுதலை. அவர் ஸ்டீம்போட்டின் காலைப் பார்க்கலாம். சாவேஜ் மேல்கயிற்றுக்கு அப்பால் தூக்கி எறியும்போது ஸ்டீம்போட் கயிற்றைக் கைவிடாமல் தொங்கி, வயிற்றை மடக்கிச் சுழன்று திரும்ப உள்ளே வருவதைப் பின்னுக்கு ஓட்டிப் பார்க்கலாம். தூக்கி எறியப்பட்டவர்தான் தன் எடையை எங்கே வைப்பது என்று முடிவு செய்கிறார், எறிந்தவர் அதற்கு வழிவிடுகிறார் என்பது அப்போதுதான் தெரியும்.

சாவேஜ் மீண்டும் மீண்டும் அந்தத் தொண்டையைத்தான் தேடிப் போகிறார். சில மாதங்களுக்கு முன் நடந்த கதையை ஒரு வசனம்கூட இல்லாமல் உடம்பால் நினைவுபடுத்துகிறார். ஸ்டீம்போட் கழுத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறும்போது, அடி வாங்குவது எத்தனை பெரிய வேலை என்பது புரியும். அடிப்பதைவிட அது கடினம். அடித்தவன் அடித்துவிட்டு அடுத்த அசைவுக்குப் போய்விடுவான். வாங்கியவனோ அந்த வலியை அடுத்த பத்து நிமிடமும் மறக்காமல் சுமந்துகொண்டே ஓட வேண்டும், குதிக்க வேண்டும், திருப்பி அடிக்க வேண்டும்.

பிறகு நடுவர் மோதி விழுகிறார். சாவேஜ் மேல்கயிற்றிலிருந்து பறந்து முழங்கையை இறக்குகிறார். எண்ணுவதற்கு ஆள் இல்லை. அதே மணியைத் தேடி எடுக்கிறார். ஸ்டீம்போட்டின் துணைக்கு வந்திருந்த ஜார்ஜ் ‘தி அனிமல்’ ஸ்டீல் குறுக்கே வர, அவரை உதைத்துத் தள்ளிவிட்டு மணியோடு மறுபடி கயிற்றில் ஏறுகிறார். ஸ்டீல் அவரைத் தள்ளிவிடுகிறார். எழுந்த சாவேஜ் ஸ்டீம்போட்டைத் தூக்கி அடிக்கப் பார்க்க, ஸ்டீம்போட் அந்தத் தூக்கலையே பயன்படுத்தி அவரைச் சுருட்டி மடக்கிக் கீழே கிடத்த, ஒன்று, இரண்டு, மூன்று. எந்த மணியால் கதை தொடங்கியதோ அதே மணியை நம்பியதால் சாவேஜ் தோற்கிறார். ஸ்டீம்போட் பெரிய அடி எதையும் அடித்து ஜெயிக்கவில்லை. எதிரியின் அவசரத்தை மடக்கி ஜெயிக்கிறார். இரண்டு மனிதர்களின் குணம் முழுதும் அந்த ஒரு பிடியில் இருக்கிறது. இது எழுதப்பட்டது, ஆமாம். நன்றாக எழுதப்பட்டது. பேசி முடித்த சண்டையில்தான் இப்படி ஒரு கடைசி வரியை எழுத முடியும்.

நம் ஊரில் இதை விளக்கிச் சொல்லவேண்டிய அவசியமே இருக்கக்கூடாது. வட தமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் படுகளக் கூத்தன்று மண்ணால் செய்த பெரிய துரியோதனன் தரையில் கிடக்கிறான். வீமன் தொடையில் அடிக்கப்போகிறான், பாஞ்சாலி கூந்தல் முடியப்போகிறாள் என்பது சுற்றி நிற்கும் குழந்தைக்கும் தெரியும். போன வருடமும் அப்படித்தான் முடிந்தது. அந்தக் கூட்டத்துக்குள் போய், “இது முன்னாடியே பேசி வெச்சதுதானே” என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் அவரைத்தான் பாவமாகப் பார்ப்பார்கள். கூத்துக்கு நாம் கொடுக்கும் இந்தச் சாதாரண மரியாதை, டிரவுசர் போட்ட இரண்டு அமெரிக்கர்கள் என்றதும் ஏன் காணாமல் போகிறது?

படித்தவர்கள் சிலர் இந்த இடத்தில் ரொலான் பார்த்தை அழைத்துக்கொண்டு வருவார்கள். 1957-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் மல்யுத்தம் விளையாட்டே இல்லை, காட்சி என்று அவர் எழுதினார். துன்பமும் தோல்வியும் நீதியும் அங்கே அடையாளங்களாக விரிகின்றன என்றார். மல்யுத்தத்தைத் தாழ்வாக நினைத்தவர்களிடமிருந்து அவர் அதைக் காப்பாற்றினார், அதற்கு நன்றி உண்டு. ஆனால் அவர் கண்ணுக்கு அடையாளம் தெரிந்த அளவுக்கு முதுகெலும்பு தெரியவில்லை. ரிங்கின் தரை எஃகு உத்திரங்கள் மேல் மரப்பலகை, அதன் மேல் மெல்லிய மெத்தை, அதன் மேல் இழுத்துக் கட்டிய கேன்வாஸ். அதில் ஒருவர் மல்லாக்க விழும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டி, கைகளை விரித்து அறைந்து, அதிர்ச்சியை முதுகு முழுக்கப் பரப்பிக்கொள்ள வேண்டும். வலிக்காது என்று பொருளில்லை. கழுத்து முறியாது, அவ்வளவுதான். காட்சி என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் இந்த உழைப்பு கணக்கில் வராமல் போகிறது.

அதே நாடாவின் கடைசிப் போட்டிக்கு வருகிறேன். உலக சாம்பியன்ஷிப்புக்காக ஹோகனும் ஆண்ட்ரேவும். மல்யுத்த நுட்பம் என்று பார்த்தால் இதை மோசமான போட்டி என்றுதான் விமர்சகர்கள் பலர் சொல்வார்கள். அசைவு குறைவு. நீண்ட நேரம் ஆண்ட்ரே ஹோகனைக் கரடிப்பிடியில் கட்டிக்கொண்டு நிற்கிறார். நான் அவர்களோடு உடன்படவில்லை. ஆண்ட்ரேவின் உடல் அக்ரோமெகாலி என்னும் சுரப்பிக் கோளாற்றால் வளர்ந்துகொண்டே போன உடல். அதற்கு முந்தைய ஆண்டில்தான் அவருக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அன்று அவர் போட்டிருந்த கறுப்பு உடைக்குள் முதுகுக்குத் தாங்குபட்டை இருந்தது. இது தெரிந்தபின் அந்தக் கரடிப்பிடியைப் பாருங்கள். யார் யாரைத் தாங்கிக்கொண்டு நிற்கிறார் என்ற கேள்வி எழும். கயிற்றின் மேல் ஆண்ட்ரேவின் கை எத்தனை முறை போய்ப் படிகிறது என்பது தெரியும்.

தொடக்கத்தில் ஹோகன் தூக்கப் பார்க்கிறார், முடியவில்லை. ஆண்ட்ரே அவர் மேலேயே விழுகிறார், கிட்டத்தட்ட மூன்று எண்ணியாகிவிடும்போல் இருக்கிறது. பன்னிரண்டு நிமிடம் நெருங்கும்போது ஹோகன் அவரைத் தூக்கி அடிக்கிறார். ஐந்நூறு பவுண்டுக்கு மேல் என்று சொல்லப்பட்ட ஒரு மனிதர் ஒத்துழைக்காவிட்டால் அவரை உலகத்தில் யாராலும் அப்படித் தூக்க முடியாது. வெட்டுப்பட்டு ஆறிக்கொண்டிருந்த முதுகோடு, தன்னை இன்னொருவர் தூக்கித் தரையில் அடிக்க ஆண்ட்ரே அனுமதி கொடுத்தார். ஹோகனின் கைகளுக்குப் போன புகழில் பாதி ஆண்ட்ரேவின் முதுகுக்குச் சேரவேண்டியது. ஹோகன் பின்னால் இந்தப் போட்டியைப் பற்றிப் பேட்டிக்குப் பேட்டி பெரிதாக்கிச் சொன்னதை நான் நம்புகிறவன் இல்லை. நாடாவில் இருப்பதே எனக்குப் போதும். ஆண்ட்ரே 1993 ஜனவரியில் பாரிஸில் இறந்தார். அப்போது வயது 46.

“அப்படியானால் நிஜமான சண்டையையே பார்க்கலாமே, குத்துச்சண்டை இருக்கிறது, கூண்டுக்குள் அடித்துக்கொள்வது இருக்கிறது” என்பார்கள். பார்க்கலாம், அவற்றின் வீரம் வேறு. அங்கே ஒருவர் மற்றவரை உண்மையாகவே செயலிழக்க வைக்க முயல்கிறார். இங்கே உன் கழுத்து என் கையில், என் கழுத்து உன் கையில். எதிரியைத் தலைகீழாகத் தூக்கி வைத்திருப்பவரின் முதல் கடமை அவரைப் பத்திரமாக இறக்குவது. இரண்டாவது கடமை, பத்திரமாக இறக்கியது ஒருவருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்வது. இரண்டையும் ஒரே நொடியில் செய்ய வேண்டும். சண்டையில் இதைவிட உயர்ந்த நோக்கம் ஒன்றை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்தக் கடமை தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் வீட்டு வீடியோவிலேயே சாட்சி இருக்கிறது. 1997 ஆகஸ்ட் 3, நியூ ஜெர்சியில் நடந்த சம்மர்ஸ்லாம். அதே இன்டர்கான்டினென்டல் பட்டத்துக்கு ஓவன் ஹார்ட்டும் ஸ்டீவ் ஆஸ்டினும். ஹார்ட் ஆஸ்டினைத் தலைகீழாகப் பிடித்துப் பைல்டிரைவர் போட்டார், உட்கார்ந்த நிலையில் இறங்கினார். ஆஸ்டினின் தலை ஹார்ட்டின் தொடைகளுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்தது. உடலின் மொத்த எடையும் உச்சந்தலையில் இறங்கியது. ஆஸ்டினுக்குக் கை கால் அசையவில்லை.

அடுத்து நடந்ததைத் தயவுசெய்து கவனியுங்கள். முடிவு முன்பே பேசியது: ஆஸ்டின் ஜெயிக்க வேண்டும். ஹார்ட் அவரைத் தொடாமல் கூட்டத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டும் வம்பிழுத்துக்கொண்டும் நேரம் கடத்துகிறார். முதல்முறை பார்ப்பவருக்கு அது வில்லனின் திமிர். தெரிந்து பார்ப்பவருக்கு, தன்னால் ஒருவன் முடமாகிவிட்டானோ என்ற அச்சத்தில் இருக்கும் மனிதர் அவனுக்காக நொடிகளைச் சேர்த்துக்கொடுப்பது. பிறகு ஆஸ்டின் தவழ்ந்து வருகிறார். பின்னாலிருந்து ஹார்ட்டின் காலைப் பிடித்துச் சுருட்டுகிறார். அதில் பலமே இல்லை. ஹார்ட் தானே விழுந்து, தானே தோளைத் தரையில் வைத்து, மூன்று எண்ணும்வரை கிடக்கிறார். ஆஸ்டினைத் தாங்கிப் பிடித்து வெளியே கூட்டிப்போகிறார்கள். அந்தக் கழுத்துக்குப் பின்னால் அறுவை சிகிச்சை நடந்தது. 2003-ல் அவர் முழுநேரமாக மோதுவதை நிறுத்தியதற்கும் அந்தக் கழுத்தே காரணம். இரண்டே ஆண்டுகளில், 1999 மே மாதம் கான்சஸ் நகரில், கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும் ஒரு காட்சிக்காகத் தொங்கிய ஓவன் ஹார்ட் கீழே விழுந்து இறந்தார். நிகழ்ச்சியை நிறுத்தாமல் நடத்தினார்கள்.

சம்மர்ஸ்லாம் நாடாவின் அந்தக் கடைசி நிமிடத்தை வைத்துக்கொண்டு, முடிவு முன்பே பேசியதால் எல்லாம் பொய் என்று வாதிடுங்கள் பார்ப்போம். முடிவு பேசியதுதான். அந்த முடிவுக்குப் போய்ச் சேர்ந்த வழி உண்மை. கை கால் மரத்துப்போன ஒருவர் சொன்ன வாக்கை நிறைவேற்றத் தவழ்ந்தார். முடிவு தெரியாமல் பார்த்திருந்தால் அதிர்ஷ்டத்தில் கிடைத்த வெற்றி என்று நினைத்துவிட்டுப் போயிருப்போம்.

குழந்தைகள் பார்த்துக் கெட்டுப்போவார்கள் என்ற வாதம் எனக்குச் சிறிது மதிப்புள்ளதாகவே படுகிறது. தொண்ணூறுகளில் நம் பள்ளிகளில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். ட்ரம்ப் கார்டு வைத்து உயரமும் எடையும் ரேங்கும் ஒப்பித்த பையன்கள், வகுப்பில் ஒருவரையொருவர் தூக்கிப் போட்டதும் உண்மைதான். ஆனால் அந்த ஆபத்துக்குத் தீர்வு செட்டப் என்று சொல்லிக் கொடுப்பதா? செட்டப் என்று நம்பும் பையன்தான் வலிக்காது என்று நினைத்து நண்பனைத் தூக்கிப் போடுவான். பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக ஓடவிட்டு, இந்த ஆள் எப்படி விழுகிறார் பார், இப்படி விழப் பல வருடம் பழக வேண்டும் என்று காட்டினால் அவன் தொட யோசிப்பான்.

ரசிகர்களிலேயே ஒரு கூட்டம், நேரலையில் பார்த்தால்தான் பார்த்தது, முடிவு தெரிந்துவிட்டால் எல்லாம் போச்சு என்கிறது. யாரும் முன்கூட்டிச் சொல்லிவிடக் கூடாது என்று காதைப் பொத்திக்கொண்டு திரிகிறார்கள். அவர்களுக்கும் நான் சொல்வது இதுதான்: நீங்கள் மல்யுத்தத்தைப் பந்தயமாகப் பார்க்கிறீர்கள். பந்தயத்தின் முடிவை ஒரு வரிச் செய்தியில் தெரிந்துகொள்ளலாம். ஸ்டீம்போட் ஜெயித்தார். அந்த வரியில் பான்டியாக்கில் நடந்தது எதுவுமே இல்லை. பட்டம்கூடச் சில வாரங்களில், ஜூன் மாதத்தில், அவரிடமிருந்து போய்விட்டது. போகாமல் இருப்பது அந்தப் பதினான்கரை நிமிடம். பின்னால் வந்த மல்யுத்த வீரர்கள் தொழில் கற்க அந்த நாடாவையே தேய்த்தார்கள். அவர்களில் யாருக்கும் முடிவு தெரியாமல் இல்லை.

கடைசியாக, பொய் என்ற குற்றச்சாட்டால் யாருக்கு லாபம் என்று கேட்க விரும்புகிறேன். ரெஸில்மேனியா மூன்று நாடாவில் கொரில்லா மான்சூனோடு சேர்ந்து வர்ணனை செய்யும் கரகரத்த குரல் ஜெஸ்ஸி வென்சுராவுடையது. பின்னாளில் மினசோட்டா மாநில ஆளுநரானவர். 1986-ல் ரெஸில்மேனியா இரண்டாம் நிகழ்ச்சி நெருங்கிய சமயத்தில், சக வீரர்களிடம் தொழிற்சங்கம் அமைப்போம் என்று பேசியவர் அவர். அது நிர்வாகத்தின் காதுக்குப் போய் நின்றுபோனது. காதில் போட்டவர் ஹோகன் என்பது தனக்குப் பின்னர் நீதிமன்ற விசாரணையின்போதுதான் தெரிந்தது என்று வென்சுரா பல முறை சொல்லியிருக்கிறார். அந்த வழக்கு எதைப் பற்றியது தெரியுமா? இந்த வீடியோ கேசட்டுகளைப் பற்றியது. தன் குரல் பதிந்த நாடாக்களை விற்றுச் சம்பாதித்த நிறுவனம் தனக்கு உரிமைத்தொகை கொடுக்கவில்லை, முன்னணி நட்சத்திரங்களுக்கு மட்டும்தான் அது உண்டு என்று பொய் சொன்னது என்று அவர் 1991-ல் வழக்குப் போட்டார். 1994-ல் ஜூரி அவருக்கு 8 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. 1995-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

நாடாவில் இருப்பது உழைப்பு, அதற்கு விலை உண்டு என்று அமெரிக்க நீதிமன்றம் ஒன்று முடிவு சொன்னது ஒரு வர்ணனையாளரின் குரலுக்கு. ரிங்குக்குள் விழுந்து எழுகிறவர்களை நிறுவனம் இன்றும் ஊழியர்களாக ஏற்கவில்லை, தனி ஒப்பந்தக்காரர்களாகத்தான் வைத்திருக்கிறது. விழுவது பொய், வலி பொய், எல்லாம் நடிப்பு என்று உலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பது இந்த ஏற்பாட்டுக்கு எவ்வளவு வசதியாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சரி, நடிப்பு என்றே வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் திரைப்பட நடிகர்களுக்கு 1933 முதல் சங்கம் இருக்கிறது. இந்த நடிகர்களுக்கு இன்றுவரை இல்லை.